கடைசிப் பந்திக்கு வந்த சோறு

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கு ஒரு கைநூல் கொடுத்திருப்பார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோரிடம் என்ன கேட்கவேண்டும், போதகர் வராத ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை எதுவரை நடத்தலாம், அடக்கத்துக்கு எந்தப் பாட்டு, எல்லாம் அதில் இருக்கும். அதில் பாதியைத் திருத்தி எழுதியவன் நான். ஆகவே அதைப் பற்றிப் புகழ்ந்து பேசமாட்டேன். நடைமுறை தெரியாவிட்டால் எடுத்துப் படியுங்கள். நான் சொல்லவந்தது அதில் இடம்பெறாத ஒரு சங்கதி.

நம் வேலையில் அற்புதங்களைப் பிரசங்கிப்பது லேசு. அதைக் கேட்டவர்கள் மறுநாள் காலையில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது அதை என்ன செய்வார்கள் என்பதுதான் கஷ்டம். நான் சேர்ந்த புதிதில், படகில் தூங்கிய ஆண்டவர் எழுந்து புயலை அமர்த்திய சங்கதியை ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நடந்த ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். ஆனி மாதக் காற்று. கூரைத் தகரம் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பொறுக்கமாட்டாமல், "ஐயா, அவரு எந்திரிச்சுக் காத்தை அமத்துறவரைக்கும், கூரை மேல நாலு கல்லைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க" என்றாள். கூட்டத்தை நிறுத்திவிட்டுக் கல் வைத்தோம். பிரசங்கம் செய்ததைவிட அது பயனுள்ள வேலை.

அதற்குப் பிறகு அற்புதங்களை வேறு கண்ணோடு படித்தேன். கவனித்துப் பாருங்கள். தண்ணீரைத் திராட்சரசமாக்கியவர் ஜாடிகளை அவரே நிரப்பவில்லை, வேலைக்காரரை நிரப்பச் சொன்னார். லாசருவை எழுப்பியவர் கல்லறைக் கல்லை அவரே புரட்டவில்லை. செத்த சிறுமியை எழுப்பியதும் அவர் கவலைப்பட்டது அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தார்களா என்பதைப் பற்றி. அற்புதம் நடுவில் ஒரு நொடி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை நம்முடையது. இதைச் சொன்னதும் சில மூத்தவர்கள் என்னை விசுவாசம் குறைந்தவன் என்றார்கள். இருக்கலாம். நான் சொல்லப்போகும் கல்யாணத்தில் விசுவாசம் நிறைந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சோற்றுக்குத்தான் பஞ்சம்.

நாடு சுதந்திரம் பெற்று, எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லாமல் போனதற்குப் பிந்திய வருடங்கள். நான் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்த ஞானமுத்து என்பவரின் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மஸ்கெலியாப் பக்கத் தோட்டம். இரு வீட்டாரும் நம் சபை, ஒரே சாதி. என்ன சாதி என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் அதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். எங்கள் ஆட்கள் மேல் லயத்தில் இருந்தார்கள். சரிவுக்குக் கீழே கீழ் லயம். அங்கே இருந்தவர்களின் கையால் மேல் லயத்தார் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. ஞானஸ்நானம் பெற்றதால் இந்த விஷயத்தில் எந்த மாற்றமும் ஏற்பட்டதாக நான் காணவில்லை.

கல்யாணம் என்றால் மேல் லயம் முழுவதும் பந்தியில் உட்காரும். கீழ் லயத்தாரை அழைக்கமாட்டார்கள். எல்லாப் பந்தியும் முடிந்தபின் அவர்கள் பாத்திரம் கொண்டுவந்து பின்பக்கத்தில் வாங்கிப்போவார்கள். அது எப்போது வருமென்று தெரியாததால், கல்யாண நாளிலும் கீழ் லயத்தில் அடுப்பு எரியும். இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

இனி, தவறு எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். மாப்பிள்ளையின் தோட்டத்தில் உபதேசியாராக இருந்தவர் இளைஞர், உற்சாகி. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிப்பது, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் உண்டானால் சொல்லலாம் என்று அறிவிப்பது, நம் முறை. மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்த கையோடு அவர் பெரிய விருந்தைப் பற்றிய உவமையைப் பிரசங்கித்தார். தெருவிலும் சந்தியிலும் கண்டவர்களையெல்லாம் விருந்துக்கு அழைத்துவரச் சொன்ன எஜமானைப் பற்றி. முடிவில், "அப்படியே நாமும் எல்லாரும் வரும் வாரம் எஸ்தரின் வீட்டு விருந்துக்குப் போவோமாக" என்றார். பிரசங்கம் பலித்தது. ஒரு கொழுந்து லொறியில் வரவேண்டியவர்கள் இரண்டு லொறியில் வந்து இறங்கினார்கள்.

உவமையை வாழ்க்கையில் அப்பியாசப்படுத்துங்கள் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் உங்கள் அடுப்பில் அப்பியாசப்படுத்துங்கள்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு போதகர் திருமணத்தை நடத்திவைத்தார். அவர் யாழ்ப்பாணத்தார், ஹட்டனில் இருந்து எங்கள் வட்டாரத்தையும் கவனித்தவர். என் பிரசங்கங்களைக் கேட்டுக் கொட்டாவி விட்டே எனக்குச் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொடுத்தவர். லயத்து வாசலில் பந்தல் போட்டு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைப் பூவாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாழையிலை கீழ்நாட்டிலிருந்து ஹட்டன் சந்தைக்கு வந்து அங்கிருந்து சாக்கில் சுருட்டி வந்தது. அரிசி பங்கீட்டுக் கூப்பன் அரிசிதான். பல மாதம் மிச்சம்பிடித்துச் சேர்த்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா சாலமோன் கங்காணி. ஒரு கங்காணிக்குக் கீழே ஒரு தோட்டத்தில் எத்தனை குடும்பம் இருக்கும், அவர் முகம் கோணினால் என்ன நடக்கும் என்று உங்கள் அப்பாக்களிடம் கேளுங்கள். போதாததற்கு அவர் அந்தத் தோட்டத்துச் சபை மூப்பர். முதல் பந்திக்குப் போதகருக்குப் பக்கத்தில் அவருக்கு இலை போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை.

"எனக்கு என்னாத்துக்குங்க மொத எடம்? விருந்துக்குக் கூப்பிட்டா கடைசி எடத்துல போயி உக்காருன்னு ஆண்டவரே சொல்லியிருக்காருல்ல. நம்ம ஆளுங்க சாப்புடட்டும். நான் கடைசிப் பந்தியில உக்காந்துக்கிறேன்."

"அப்படிச் சொல்லலாமாங்க சம்பந்தி? வாங்க வாங்க" என்று ஞானமுத்து கையைப் பிடித்தார்.

"இல்லீங்க. கடைசிப் பந்திதான்."

இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்னொரு தடவை மறுத்தார். அதற்கு மேல் ஒரு அழைப்பை அவர் எதிர்பார்த்திருக்கவேண்டும். போதகர் அதற்குள் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். கங்காணி பந்தல் காலில் சாய்ந்து நின்றபடி தாழ்மையை அனுபவித்தார்.

இரண்டு பந்தி முடிந்தது. சமையல்காரன் என்னைச் சாடையாகக் கூப்பிட்டு அண்டாவைக் காட்டினான். அடி தெரிந்தது. கறி இருந்தது, பருப்பு இருந்தது, சோறு இல்லை. மாப்பிள்ளை வீட்டாரில் ஒரு முழுப் பந்தி பாக்கி, கங்காணி உட்பட.

ஞானமுத்து அண்டாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, மானம் போகுது. ஆண்டவரு அஞ்சு அப்பத்த அத்தனை பேருக்குக் கொடுத்தவரு. ஜெபம் பண்ணுங்கய்யா."

"அந்த அஞ்சு அப்பமும் யாரோ ஒருத்தர் வீட்டுல சுட்டது ஞானமுத்து. மொதல்ல அத எங்கேர்ந்தாவது கொண்டாரணும்."

நான் கடுமையாகப் பேசியதாக உங்களுக்குத் தோன்றலாம். பதறுகிறவனிடம் இனிமையாகப் பேசினால் அவன் அழத் தொடங்குவான், நேரம் போய்விடும். அவர் பதறியதில் நியாயம் இருந்தது. கட்டிய தாலியை யாரும் கழற்றமுடியாது. ஆனால் பெண் வீட்டில் சோறில்லாமல் பந்தி நின்றது என்று ஆனால், எஸ்தர் போகும் லயத்தில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு நாளும் அது அவள் முகத்தில் வீசப்படும். ஓட்டில்லாத, நிலமில்லாத ஆட்களுக்கு மானம் ஒன்றுதான் சொந்தமாக இருந்தது. அதையும் வருடத்தில் ஒருநாள் இலையில் வைத்துத்தான் காட்டமுடிந்தது.

மேல் லயத்து அடுப்புகள் எல்லாம் குளிர்ந்து கிடந்தன. எல்லாரும் கல்யாணச் சாப்பாட்டை நம்பி இருந்தார்கள். தோட்டத்து அரிசி ஸ்டோர் ஞாயிறு பூட்டு. ஹட்டனுக்குப் போய்வர நேரமில்லை. சோறு இருந்தது ஒரே இடத்தில், அழைக்கப்படாதவர்களின் வீட்டில்.

நேரம் வாங்கவேண்டும். விருந்தாளியாக வந்திருந்த அந்த இளம் உபதேசியாரைப் பிடித்து, "மணமக்களுக்கு நீங்க ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க. அவசரமில்லை" என்றேன். பேச்சை நிறுத்தத் தெரியாதது அவருடைய குறை. அன்றைக்கு அது கைகொடுத்தது. அவர் ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பித்தார். நான் சரிவில் இறங்கினேன்.

கீழ் லயத்து முதல் காம்பரா வீட்டில் இருந்தவள் மாரியாயி. அந்த லயத்துப் பெண்களெல்லாம் அவள் சொல்லைத்தான் கேட்பார்கள். ஞானமுத்துவின் மனைவி ராகேலோடு ஒரே நிரையில் கொழுந்தெடுப்பவள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னா உபதேசியாரே, கல்யாண வீட்டை விட்டுட்டு இங்கிட்டு வந்திருக்கீங்க. வழி தவறிருச்சா?"

"இல்லம்மா. சோறு வேணும்."

"யாருக்கு?"

"பந்திக்கு."

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்களுக்கு ஏனத்துல போடுறேன்னு சொன்ன சோறு இன்னும் வந்து சேரல. இப்ப எங்க பானையில உள்ளதும் வேணுமா? நல்ல கல்யாணம்டா சாமி."

"நீ சொல்றது சரிதான். இருந்தாலும் கேக்குறேன்."

"நீங்க கேக்குறதுக்கு நான் தர்றதா இல்ல. ராகேலு வரட்டும். வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து ஒண்ணா கொழுந்தெடுக்குறோம். வாயத் தொறந்து என்கிட்ட கேக்கட்டும்."

இங்கே ஒரு தீர்மானம் எடுக்கவேண்டியிருந்தது. வேதவசனம் சொல்லி அவளை இளக்கியிருக்கலாம். அவள் நம் சபையும் அல்ல, அவளுக்கு வசனம் தேவையும் இல்லை. அவள் கேட்டது நியாயமான ஒன்று. கொடுப்பவருக்குக் கேட்பவரின் முகம் தெரியவேண்டும். நான் மேலே போய் ராகேலை அழைத்துவந்தேன். அவள் பட்டுச்சேலையோடு சரிவில் இறங்கிவந்து அந்த வாசலில் நின்றாள். அத்தனை வருடத்தில் அவள் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை.

"மாரியாயி, சோறு தா. எம் மகளுக்காக."

"மகளுக்கா, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டி. அவ வயித்துல இருக்குறப்ப என் கூடையையும் சேத்து நீதானே தராசுக்குத் தூக்கிக்கிட்டுப் போவே."

மாரியாயி எழுந்து முந்தானையை உதறினாள். "தர்றோம். ஆனா திருட்டுச் சோறா தரமாட்டோம். யாராச்சும் கேட்டா எங்க அடுப்புச் சோறுன்னு சொல்லணும்."

"கேக்காட்டி?" என்றேன் நான். நிபந்தனையின் எல்லையைத் தெரிந்துகொள்வது என் பழக்கம்.

"கேக்காட்டி நீங்களா போயி தப்பு மேளம் அடிச்சுச் சொல்ல வேணாம். தப்பு அடிக்கிறதுக்கும் எங்க ஆளுங்கதானே வரணும்."

வார்த்தை கொடுத்தேன். காம்பரா காம்பராவாக அவள் குரல் கொடுக்க, பானையும் சட்டியுமாகச் சோறு வெளியே வந்தது. பின்பக்க வழியாக மேலே கொண்டுபோய் அண்டாவில் கொட்டினோம். வெள்ளையும் சிவப்பும், குழைந்ததும் விறைத்ததும் ஒன்றாகக் கலந்தன.

ஞானமுத்துவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. "ஐயா, யாரும் கேக்கமாட்டாங்கல்ல?"

"கேட்டா சொல்லுவேன். வாக்கு கொடுத்திருக்கேன்."

"யாரும் கேக்காம இருக்கவாவது ஜெபம் பண்ணுங்க."

"அதுக்கு ஜெபம் கிடையாது ஞானமுத்து."

கடைசிப் பந்தி உட்கார்ந்தது. நடுவில் சாலமோன் கங்காணி. இந்த இடத்தில் இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். பந்தியில் பெரியவர் எழுந்தால் மற்றவர்களும் எழவேண்டும், வாய்க்குக் கொண்டுபோன கவளத்தோடு என்றாலும் சரி. ஆகவே அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும், உண்மையில் உட்கார்ந்திருந்தது ஒருவர்தான்.

கங்காணி பசித்திருந்தார். தாழ்மை வயிற்றைக் காயப்போடும். கறியை ஊற்றிப் பிசைந்து நாலைந்து கவளம் வேகமாகப் போட்டார். பாதி இலை காலியானதும் நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சம்பந்தி, எல்லா ஊருலயும் நல்ல சோத்தை மொதப் பந்திக்கு வச்சுட்டுக் கடைசிக்கு அடிச்சோத்தப் போடுவாங்க. நீங்க நல்லதக் கடைசிக்கு வச்சிருக்கீங்களே!"

தண்ணீர் திராட்சரசமான கானாவூர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிப்புக்காரன் சொன்னது கிட்டத்தட்ட இதுதான். கங்காணி அதை நினைத்துச் சொல்லவில்லை. ருசித்துச் சொன்னார். நான் பல வருடம் அந்தச் சம்பவத்தைப் பிரசங்கித்திருக்கிறேன். அதன் நடுவில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். "இது என்னா அரிசிங்க? எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றார்.

ஞானமுத்துவின் வாய் திறந்தது. ஹட்டனில் நாங்கள் எல்லாரும் சாமான் வாங்கும் பாய் கடையின் பேர் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதை நான் பார்த்தேன். அந்தப் பேரைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. கல்யாணம் தப்பியது, எஸ்தர் தப்பினாள், கங்காணி சந்தோஷமாக இன்னொரு கவளம் எடுப்பார். பின்பக்கத்தில், காலிப் பானைக்காகக் காத்துக்கொண்டு, மாரியாயியும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள். அவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் உண்மையைச் சொல்லவேண்டுமா என்பது கேள்வியே அல்ல. வார்த்தை கொடுத்தாயிற்று. எப்படிச் சொல்வது என்பதில்தான் புத்தி வேண்டும். உண்மையை ஒருவர் முகத்தில் எறியலாம். அவர் கையில் கொடுக்கவும் செய்யலாம். கடைசி இடத்தைக் கேட்டு வாங்கினீர்களே, கடைசி இடத்துக்கு இந்தச் சோறுதான் வரும் என்று ஒரு நல்ல பதில் என் வாய்க்குள் தயாராக இருந்தது. மிகவும் பொருத்தமான பதில். அதை விழுங்கினேன். அவ்வளவு பொருத்தமான பதிலுக்கு ஒரு மனிதன் எழுந்து போவதைத் தவிர வேறு என்ன செய்வான்?

ஞானமுத்துவை முந்திக்கொண்டு, "கடைச் சோறு இல்லீங்க கங்காணி" என்றேன். "நம்ம பக்கம் சோறு தீந்துபோச்சு. கீழ் லயத்து ஆளுங்க தங்க பானையில இருந்தத எடுத்துக் கொடுத்தாங்க. நீங்க எல்லாம் வயிறாரச் சாப்பிடணும்னு கொடுத்தாங்க. அவங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்ல."

கங்காணியின் கை இலையில் அப்படியே நின்றது. வரிசை முழுவதும் கைகள் நின்றன. போதகர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அத்தனை அழுக்கு இல்லை. கங்காணி அவரைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. கங்காணியின் இடது கை தரையில் ஊன்றியது. எழப்போகும் ஆள் அப்படித்தான் ஊன்றுவான். ஞானமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது வரிசைக் கோடியிலிருந்து மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி, தடித்த ஆள், பரிதாபமாகக் கேட்டான். "பெரியப்பா, நான் ரெண்டாந்தடவை வாங்கித் தின்னுட்டேனே. இப்ப என்னா செய்யுறது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. "வாயை மூடிக்கிட்டுத் தின்னுடா மாடு!"

அவ்வளவுதான். தின்னு என்று அவரே சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னாலும் கங்காணி சொன்னால் சொன்னதுதான். தடியன் தின்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தின்றான். கைகள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின. கங்காணி தரையில் ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கவளம்கூட அவர் எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை கறி காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் மனம் மாறினார் என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். நம் சஞ்சிகைகளில் வருகிற சாட்சிகளில் இந்த இடத்தில் கண்ணீர் வரும். இங்கே வரவில்லை. ஒரு மனிதர் எழுந்திருக்காமல் உட்கார்ந்தார். அவர் இருந்த நிலையில், அவர் பழகிய பழக்கத்தில், அது மலையை அசைத்த மாதிரி. நம் வட்டாரத்தில் அற்புதங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கும். பெரியதாக எதிர்பார்த்துக்கொண்டு இதைப் பார்க்கத் தவறிவிடாதீர்கள்.

கை கழுவும்போது கங்காணி என் பக்கத்தில் வந்து நின்றார். "உபதேசியாரே, நான் கேட்டிருக்கக் கூடாது."

"நல்லா இருந்ததாலதானே கேட்டீங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு, தமக்கே விருப்பமில்லாமல், "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். லொறியில் ஏறும்போது எஸ்தரை முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அது அவருக்கென்று இருந்த இடம். அவர் பின்னால் ஆட்களோடு நின்றுகொண்டு போனார். இந்தத் தடவை எந்த வசனமும் சொல்லவில்லை.

போதகரை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில் அவர், "கானாவூரில தண்ணி மொண்ட ஆக்களுக்கு மட்டும்தான் சங்கதி தெரியும். நீர் பந்தி முழுக்கச் சொல்லிப்போட்டீர்" என்றார்.

"சொன்னது பிழையா ஐயா?"

"பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா பாதிச் சோறு உள்ள போனாப்பிறகுதான் சொன்னீர்."

"அதுக்கு முன்னால யாரும் கேக்கல ஐயா."

"ஓம், கேக்கேல்லை" என்றார். அவர் முகம் சிரிக்கிறதா இல்லையா என்று கடைசிவரை கண்டுபிடிக்கமுடியவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது, "அந்தச் சனம் என்ன சாப்பிடுது எண்டு போய்ப் பாரும்" என்றார்.

நான் திரும்பி வந்தபோது, ராகேல் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நம்மவர் வழக்கம். அரிசிதான் இல்லை, கோதுமை மா இருந்தது. ஞானமுத்து பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மகளை அனுப்பிவிட்டு வந்தவர்கள் அழுவதற்கு நேரமில்லாமல் இருந்தார்கள். மிஞ்சிய கறியை ஒரு வாளியிலும் ரொட்டியை அந்தந்தப் பானையிலும் போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் சரிவில் இறங்கினோம்.

மாரியாயி வாசலிலேயே நின்றாள். ஏனத்தை வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் என்னைக் கேட்டாள்.

"ஒங்க கங்காணி எந்திரிக்கலதானே?"

"எந்திரிக்கல. நீதான் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தியே."

"கேட்டேன். பாக்க முடியல. அதுக்கப்புறம் சாப்புட்டாரா?"

"அதுக்கப்புறம் இல்ல. அதுக்கு முந்தி பாதி சாப்பிட்டுட்டாரு."

"அப்ப பாதி எங்களோட சேந்தாச்சு" என்று சிரித்துக்கொண்டே ரொட்டிப் பானையை வாங்கி உள்ளே கொடுத்தாள். அடுத்தடுத்த காம்பராக்களுக்கு ஏனங்கள் போயின. ஞானமுத்து வாளியைக் கொடுத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். திரும்பவேண்டியதுதான். ராகேல் திரும்பினாள்.

"எங்கடி போறே? காலைலேர்ந்து நீ ஒண்ணும் தின்னுருக்கமாட்டே. உக்காரு" என்றாள் மாரியாயி.

ராகேல் நின்றாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். தான் கொண்டுவந்த ரொட்டியில் ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டாள். ஞானமுத்து வானத்தைப் பார்த்தார். மாரியாயி அதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நீ சுட்ட ரொட்டிய நீயே தின்னா அதுக்குப் பேரு என்னா? கையை நீட்டு."

உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள். மத்தியானம் அவர்கள் சோற்றுக்கு வைத்திருந்த கருவாட்டுக் குழம்பு. சோறு மேலே போய்விட்டதால் அது தனியாக மிஞ்சியிருந்தது. அகப்பையில் எடுத்து நீட்டினாள். இதற்கு என்ன செய்யவேண்டும் என்று ராகேல் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். சில நேரங்களில் நம் வேலை அதுதான். போதகரின் கண்ணாடி ஞாபகம் வந்தது.

ராகேல் கையிலிருந்த ரொட்டியை நீட்டினாள். மாரியாயி அதன்மேல் குழம்பை ஊற்றினாள். ராகேல் மடித்து வாயில் வைத்து மென்றாள். அவசரப்படாமல் விழுங்கினாள்.

"உப்பு கூடிப்போச்சுடி" என்றாள்.

"அடுத்த வாட்டி கொறைச்சுப் போடுறேன்" என்றாள் மாரியாயி.